காய்ந்த ஐரிஸ் கிழங்குகளும் இரண்டு நாள் ஊறலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் தோட்டப் பகுதியில் சென்ற வாரம் வாசகர் ஒருவரின் கேள்விக்கு அளிக்கப்பட்டிருந்த விடையைக் குறித்து இக்கடிதத்தை எழுதுகிறேன். மண்ணில் வைக்காமல் மாதக்கணக்கில் மறந்துபோய், சுருங்கிக் காய்ந்துவிட்ட ஐரிஸ் பூச்செடியின் கிழங்குகளை மீட்க வழியுண்டா என்று அவர் கேட்டிருந்தார். இரண்டு நாள் முழுவதும் தண்ணீரில் ஊறப்போட்டு, கிழங்கு உப்பியதும் ஒரு சாண் ஆழத்தில் நட்டு, நாள் தவறாமல் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றும், இரண்டு வாரத்தில் துளிர்க்காவிட்டால் எடுத்து எறிந்துவிடலாம் என்றும் விடை அமைந்திருந்தது. காய்ந்த பொருளுக்குத் தண்ணீர் காட்டுவது யாருக்கும் முதலில் தோன்றக்கூடிய வைத்தியந்தான். ஆனால் ஐரிஸ் வளர்ப்போரில் பெரும்பாலோரிடம் இருக்கும், பூவின் கீழிதழ்களில் தாடி போன்ற மயிர்வரிசை கொண்ட தாடி ஐரிஸ் வகைக்கு அந்த விடையின் நான்கு பகுதிகளும் கேடு செய்யக்கூடியவை. மாதக்கணக்கில் காய்ந்தும் சாகாத கிழங்கு, காப்பாற்றுகிறோம் என்று நாம் ஊற்றும் தண்ணீரில் பத்தே நாளில் அழுகிப்போகும். இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், நானே அப்படி நான்கு கிழங்குகளை அழுகவிட்டிருக்கிறேன் என்பதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன், நெருக்கமாகிப்போன ஐரிஸ் பாத்தியைப் பிரித்து நட்டபோது, இடம் போதாமல் மிஞ்சிய 11 கிழங்குகளை ஒரு தாள் பையில் போட்டு, அடுத்த வாரம் நட்டுக்கொள்ளலாம் என்று அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். அடுத்த வாரம் நான்கு மாதத்துக்கும் மேலாக நீண்டுவிட்டது. வேறெதையோ தேடியபோது கையில் தட்டுப்பட்ட அந்தப் பையைக் கவிழ்த்ததும், விழுந்தவற்றைக் கிழங்குகள் என்று சொல்லவே தயக்கமாக இருந்தது. பெருவிரலினும் பருமனாக இருந்தவை சுண்டுவிரல் அளவுக்கு வற்றி, மேல்தோல் நெடுக வரிவரியாகச் சுருங்கி, அடியிலிருந்த வேர்கள் தொட்டால் பொடியும் நூல்களாகிவிட்டிருந்தன. அவற்றுள் எட்டில் உயிர் இருந்தது என்பதை அன்று நான் நம்பியிருக்க மாட்டேன்.

இந்தத் தாக்குப்பிடிக்கும் திறன் எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்தால்தான், தண்ணீர் ஏன் எமனாகிறது என்பதும் விளங்கும். நாம் கிழங்கு என்று பேச்சுவழக்கில் சொல்வது வேரன்று. தரையோடு படுத்து வளரும் தண்டு. பள்ளிப் பாடத்தில் மட்டநிலத்தண்டு என்று படித்திருப்போம். இஞ்சியும் மஞ்சளும் இதே அமைப்பைச் சேர்ந்தவை. தண்டு என்பதால் அதில் கணுக்கள் உண்டு. கணுக்களில் உறங்கும் மொட்டுகள் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் நுனியில் ஒரு துண்டு வளர்ந்து, விசிறி போல் இலைகளை விரித்து, மாவுப்பொருளைச் சேர்த்துவைத்துக்கொள்கிறது. ஒரு துண்டு பூத்துவிட்டால் அதன் நுனிமொட்டு பூந்தண்டாகச் செலவழிந்துவிடுவதால், அந்தத் துண்டு மறுபடி பூப்பதில்லை. பக்கவாட்டு மொட்டுகளிலிருந்து புதிய துண்டுகள் கிளைக்கின்றன. எனவே, காய்ந்த கிழங்கின் தலைப்பக்கத்தில் குருத்து கருகியிருப்பதைப் பார்த்து மனம் தளர வேண்டியதில்லை. நுனி போனால், அதுவரை அடங்கிக் கிடந்த பக்கமொட்டு தலைதூக்கும். இலையே இல்லாத மொட்டைத் துண்டுகூட, பொறுமை உள்ளவரிடம், துளிர்த்துக் காட்டுவதுண்டு.

இன்றைய தாடி ஐரிஸ்கள் கலப்பினங்கள். அவற்றின் பழைய மூதாதைகளுள் ஐரிஸ் பல்லிடா ஏட்ரியாட்டிக் கடலின் கிழக்குக் கரையைச் சேர்ந்தது. ஐரிஸ் வேரியகேட்டா நடு ஐரோப்பாவையும் கிழக்கு ஐரோப்பாவையும் சேர்ந்தது. கேம்பிரிட்ஜில் உடலியங்கியல் பேராசிரியராக இருந்த சர் மைக்கேல் ஃபாஸ்டர் (1836–1907) போன்றோர், மத்தியதரைக் கடலின் கிழக்குப் பகுதியிலிருந்தும் மேற்கு ஆசியாவிலிருந்தும் வந்த பெரும்பூ வகைகளை இவற்றோடு கலந்த பிறகுதான் இன்றைய பெரிய பூக்கள் உருவாயின. கோடையில் மழையே காணாத கற்பாங்கான சரிவுகள் இந்தச் செடிகளில் பலவற்றுக்குத் தாய்வீடு. பூத்து முடித்து, கோடையில் ஏறக்குறைய உறங்கி, ஈரம் திரும்பும்போது புதுவேர் விடுவது அவற்றின் பழக்கம். நாற்றுப்பண்ணையார் இந்தக் கிழங்குகளை மண்ணே இல்லாமல், இலையைக் கத்தரித்து, வெறுமனே தாளில் சுற்றி நெடுந்தூரம் அனுப்பிவைப்பது இந்தப் பழக்கத்தை நம்பித்தான். அதையே காற்றுப்புகாத பிளாஸ்டிக் பையில் கட்டினால் கிழங்கு தன் ஈரத்தில் தானே வெந்ததுபோல் அழுகிவிடும். என் அலமாரியில் இருந்தது தாள் பையாகப் போனது தற்செயல். அதற்கு நான் பெருமைப்பட முடியாது.

இனி, எது உயிரோடிருக்கிறது, எது போய்விட்டது என்று பிரித்தறியும் வேலைக்கு வருகிறேன். தங்கள் பகுதியின் விடையில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை என்பது எனக்குள்ள முதல் குறை. முதலில் கிழங்கைக் கையில் ஏந்தி எடை பார்க்க வேண்டும். சுருங்கியிருந்தாலும் உள்ளே பொருள் இருக்கும் கனம் கைக்குத் தெரியும்; தக்கை போல் எடையற்றுக் கிடந்தால் பெரும்பாலும் நம்பிக்கை இல்லை. அடுத்து, இரு விரல்களுக்கிடையில் வைத்து அழுத்த வேண்டும். தோல் சுருங்கியிருந்தும் உள்ளே கெட்டியாக, சற்றே ரப்பர் போல் எதிர்த்து நின்றால் அது உலர்ந்திருக்கிறது, அவ்வளவே. விரல் உள்ளே அமிழ்ந்தால் அது அழுகல். மூன்றாவதாக, நகத்தால் தோலை ஓரிடத்தில் கீறிப் பார்க்க வேண்டும். உள்சதை வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ இருந்து, நகத்தில் இலேசாகப் பிசுபிசுத்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகப் பொடிந்து உதிர்ந்தால் இல்லை. ஓரிடத்தில் பொடிந்தது என்பதற்காக முழுக்கிழங்கையும் தள்ளிவிடாமல், மறுமுனையிலும் கீறிப் பார்ப்பது நல்லது. பின்பகுதி செத்து, முன்பகுதி பிழைத்திருக்கும் கிழங்குகளே அதிகம். அந்த இடத்தில் வெட்டிப் பிரித்து, வெள்ளைச் சதை உள்ள பகுதியை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

வாசனையும் ஒரு சான்று. ஆனால் அதில் ஒரு சிறு மயக்கம் உண்டு. சில ஐரிஸ் இனங்களின் கிழங்கு காயக் காய வயலட் பூவின் மணம் கொள்ளும். இத்தாலியின் டஸ்கனி பகுதியில் ஐரிஸ் பல்லிடாவின் கிழங்கைத் தோல் சீவி உலர்த்தி, மூன்று ஆண்டுகள் அளவுக்கும் சேமித்துவைத்து நறுமணத் தொழிலுக்குக் கொடுப்பது நெடுநாள் வழக்கம். கிழங்கிலுள்ள சில பொருள்கள் காற்றோடு மெல்ல வினைபுரிந்து ஐரோன் எனப்படும் மணப்பொருள்களாக மாறுவதற்கு அத்தனை காலம் பிடிக்கிறது. ஆகவே, மறந்துபோன பையைத் திறக்கும்போது இனிய மணம் வந்தால் அதைக் கெட்டுப்போனதன் அடையாளமாகக் கொள்ளக் கூடாது. அழுகிய கிழங்கின் நாற்றம் வேறு. அதை ஒருமுறை முகர்ந்தவர் வாழ்நாளில் இன்னொன்றோடு குழப்பிக்கொள்ள மாட்டார்.

மேல்தோலில் நீலம் பாய்ந்த சாம்பல் பூசணம் படிந்திருந்து, அடியில் சதை கெட்டியாக இருந்தால் துணியால் துடைத்துவிட்டால் போதும். கழுத்துப் பகுதியில் மூளையின் மடிப்புகளைப் போல் சுருண்ட கருப்புக் கட்டிகள் ஒட்டியிருந்தால் அது போட்ரைட்டிஸ் வகைப் பூஞ்சையின் வேலை; கிழங்கு ஈரமில்லாமலே உள்ளுக்குள் உளுத்துப்போகும். கடுகு மணிகளைப் போல் பழுப்பு உருண்டைகள் சிதறிக் கிடந்தால் அது ஸ்க்ளெரோஷியம் என்னும் வேறொரு பூஞ்சை. இவ்விரண்டில் ஒன்று கண்ட கிழங்கையும் நான் மீட்க முயல்வதில்லை. மண்ணுக்குள் நோயைக் குடிவைக்க ஒரு செடிக்காகத் துணிய வேண்டாம் என்பது என் கருத்து. என் பையில் இருந்த பதினொன்றில் இரண்டு தக்கையாகியிருந்தன. ஒன்றில் அந்தக் கருப்புக் கட்டிகள் இருந்தன. மூன்றையும் ஒதுக்கினேன். மீதி எட்டு.

அந்த எட்டில்தான் நான் தவறு செய்தேன். ஐந்து கிழங்குகளை வாளித் தண்ணீரில் அமிழ்த்திவைத்தேன். வாளி சிறியது, மிஞ்சிய மூன்றும் ஓரத்தில் காய்ந்தபடியே கிடந்தன. மறுநாள் மாலை பார்த்தபோது ஊறியவை உப்பிப் பளபளத்து, இப்போதுதான் தோண்டி எடுத்தவை போலக் காட்சியளித்தன. அந்தக் காட்சிதான் ஏமாற்று. மகிழ்ச்சியோடு இன்னும் ஓர் இரவு விட்டுவைத்து, இரண்டாம் நாள் எட்டையும் ஒரே பாத்தியில் நட்டேன். பத்தாம் நாள் ஊறிய கிழங்கு ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். தோல் முழுமையாக இருந்தது. இலேசாக அழுத்தியதும் பெருவிரல் தோலைப் பிளந்துகொண்டு உள்ளே போயிற்று. உள்ளே சதையே இல்லை. கஞ்சிப் பதத்தில் ஏதோ வழிந்தது. சோப்புப் போட்டு மும்முறை கழுவியும் அந்த நாற்றம் அன்றிரவு வரை விரலை விட்டுப் போகவில்லை. ஊறிய ஐந்தில் நான்கு அப்படியே போயின. காய்ந்தபடியே நட்ட மூன்றும் துளிர்த்தன. எட்டுக் கிழங்குகளை வைத்துக்கொண்டு இதை ஆராய்ச்சி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நடந்ததற்கான காரணத்தைப் பின்னர் தேடிப் படித்தபோது வியப்பு ஏதும் இல்லாமல் போயிற்று.

ஐரிஸ் கிழங்கை அழுகவைப்பது பெரும்பாலும் பெக்டோபாக்டீரியம் என்னும் பாக்டீரியா. பழைய நூல்களில் எர்வினியா என்ற பெயரில் இதைக் காணலாம். மென்னழுகல் நோய் என்று வேளாண் துறையினர் சொல்வது இதைத்தான். தாவரச் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் என்னும் பசையை இது கரைத்துவிடுகிறது. அதனால்தான் தோல் அப்படியே இருக்க, உள்ளே சதை குழம்பாகிறது. இது நுழைவதற்குக் காயம் வேண்டும். காய்ந்த வேர்கள் ஒடிந்த இடமும், இலை உதிர்ந்த தழும்பும், தோல் சுருங்கி வெடித்த கீறலும் காயங்களே. இது பரவுவதற்கு ஈரமும் வெப்பமும் வேண்டும். காற்று குறைந்த இடத்திலும் இதனால் பெருக முடியும். வாளித் தண்ணீர் இவை எல்லாவற்றையும் ஒருசேரக் கொடுக்கிறது. ஒரு கிழங்கில் சிறிதளவு நோய் இருந்தாலும் அதே தண்ணீர் மற்றவற்றுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: காய்ந்த வேர்கள் ஊறினாலும் உயிர் பெறுவதில்லை. அவை செத்தவை, கிழங்கை மண்ணில் பிடித்து நிறுத்தும் கயிறாக மட்டுமே இனி உதவும். தண்ணீரை உறிஞ்சப்போவது கிழங்கின் அடியிலிருந்து இனிமேல் புறப்படவிருக்கும் புதுவேர்களே. உறிஞ்ச வேரே இல்லாத ஒன்றுக்கு நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றினால், அந்தத் தண்ணீர் காயங்களைச் சுற்றி நிற்பதைத் தவிர வேறென்ன செய்யும்?

ஆகவே என் வழக்கம் இப்போது வேறு. மிக மோசமாகச் சுருங்கியவற்றை மட்டும் ஒரு மணி நேரம், மிஞ்சினால் இரண்டு மணி நேரம் சுத்தமான தண்ணீரில் வைக்கிறேன். ஒவ்வொன்றையும் தனித்தனிக் கிண்ணத்தில். மற்றவற்றை நனைப்பதே இல்லை. பழைய இலைத் தோடுகளை உரித்தெடுத்து, காய்ந்த வேர்களை நான்கு விரற்கடை விட்டு நறுக்கி, வெட்டிய இடம் இருந்தால் ஒருநாள் காற்றாட வைத்துத் தோல் கட்டிய பின்பே நடுகிறேன். வெட்டுவாயில் கந்தகத் தூள் தடவுவோரும் உண்டு, தவறில்லை. வேர் வளர்ச்சி ஊக்கிகளையும் பயன்படுத்திப் பார்த்தேன். பெரிய வேறுபாடு எதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

ஊறியதில் தப்பிய ஐந்தாவது கிழங்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஏனெனில் அழுகத் தொடங்கிய கிழங்கும் முழுமையாகக் கைவிடத் தக்கதன்று. அதன் பின்பாதி கூழாகிவிட்டிருந்தது. மண்ணிலிருந்து எடுத்து, பழைய தேக்கரண்டி ஒன்றால், பழத்தின் புழுத்த பகுதியைத் தோண்டுவதுபோல், நிறம் மாறிய சதை முழுவதையும் சுரண்டினேன். வெள்ளைச் சதையை எட்டிய பின்னும் இன்னும் கொஞ்சம் உள்ளே போய்ச் சுரண்ட வேண்டும். ஓரத்தில் கண்ணாடி போல் ஒளி ஊடுருவும் ஈரப்பட்டை தெரிந்தால் நோய் அங்கும் இருக்கிறது என்று பொருள். பிறகு, துணி வெளுக்கப் பயன்படும் பிளீச் திரவம் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒன்பது பங்கு கலந்த கரைசலில் பத்து நிமிடம் வைத்து, எடுத்துக் கழுவி, வெட்டுவாய் மேலே இருக்கும்படி இரண்டு நாள் வெயிலில் காயவைத்தேன். கத்தியையும் கரண்டியையும் ஒவ்வொரு கிழங்குக்குப் பின்னும் அதே கரைசலில் முக்கி எடுப்பது அவசியம். பிளீச்சோடு வேறெந்தச் சுத்தப்படுத்தும் திரவத்தையும் கலக்கக் கூடாது, நச்சுப்புகை வரும். எஞ்சிய துண்டு சுண்டைக்காயைக் காட்டிலும் சற்றே பெரியது. அதன் பக்கவாட்டில் இரண்டு மொட்டுகள், ஊசிமுனை அளவில் வெளுத்துத் தெரிந்தன. அந்த நம்பிக்கையில் நட்டேன். முப்பத்தொன்பதாம் நாள் காலை, மண்ணைப் பிளந்துகொண்டு கிளிமூக்கு போல் ஒரு பச்சை முனை எட்டிப் பார்த்தது. அதனால்தான், இரண்டு வாரத்தில் துளிர்க்காவிட்டால் எறிந்துவிடலாம் என்ற வரியைத் தங்கள் இதழில் படித்தபோது மனம் பொறுக்கவில்லை.

நடும் ஆழத்துக்கு வருவோம். ஒரு சாண் ஆழம் என்பது ஐரிஸ் கிழங்குக்குப் புதைகுழி. வெயில் அதன் முதுகில் பட வேண்டும். சிறு குழி தோண்டி, நடுவே மண்ணைக் குதிரை முதுகு போல் மேடாக்கி, கிழங்கை அதன்மேல் அமர்த்தி, மிஞ்சியிருக்கும் வேர்களை இருபுறமும் சரித்துவிட்டு, வேர்கள் மறையும்படி மண்ணை இறுக்க வேண்டும். கிழங்கின் முதுகு, தண்ணீரில் மிதக்கும் வாத்தின் முதுகைப் போல் மண்மட்டத்தில் தெரியலாம். வெயில் கடுமையாக இருக்கும் இடமானாலும், மணற்பாங்கான மண்ணானாலும் ஒரு பெருவிரல் கனத்துக்கு, அதாவது 2 முதல் 2.5 சென்டிமீட்டர் வரை, மண் போர்த்தலாம். அதற்கு மேல் வேண்டாம். களிமண்ணாக இருந்தால் கரடுமணல் கலந்து மேட்டுப்பாத்தி அமைத்துக்கொள்வது நல்லது. நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். மூடாக்கு என்று இலைச்சருகைக் கிழங்கின் மேல் குவித்துவிடக் கூடாது. மற்றச் செடிகளுக்கு நன்மை செய்யும் அதே மூடாக்கு இதற்கு அழுகலைக் கொண்டுவரும்.

நட்டவுடன் ஒருமுறை நன்றாகத் தண்ணீர் விட வேண்டும். வேரைச் சுற்றி மண் படிவதற்காக. பிறகு, விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, மேல்மண் 5 சென்டிமீட்டர் அளவுக்கு உலர்ந்த பின்பே அடுத்த தண்ணீர். நலமான கிழங்கு இரண்டு மூன்று வாரத்தில் குருத்தைக் காட்டும். நெடுநாள் காய்ந்தது ஆறு வாரமும் எடுத்துக்கொள்ளும், அதற்கு மேலும் எடுத்துக்கொள்ளும். வேர் பிடித்ததா என்று பிடுங்கிப் பார்க்கும் ஆசை வரும், எனக்கும் வந்தது. பிடுங்கினால் நூல் போன்ற வெள்ளைப் புதுவேர்கள் நுனியில் ஒடிந்துபோகும். விரல் நுனியால் கிழங்கைப் பக்கவாட்டில் இலேசாகத் தள்ளிப் பார்த்தால் போதும். அசையாமல் நின்றால் வேர் இறங்கிவிட்டது. மூன்று நான்கு இலைகள் விரியும் வரை உரம் எதுவும் வேண்டாம். அதன் பிறகும் தழைச்சத்து மிகுந்த உரத்தைத் தவிர்க்க வேண்டும். அது இலையைக் கொழுக்கவைத்து, சதையை மென்மையாக்கி, மறுபடியும் அழுகலுக்கே வழி செய்யும்.

பூவை முதல் ஆண்டில் எதிர்பார்க்கக் கூடாது. வற்றிப்போன கிழங்கு தன் இருப்பைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள ஒரு முழுப் பருவமாவது வேண்டும். தாடி ஐரிஸின் பெரும்பாலான வகைகளுக்குப் பூக்கும் முன் சில வாரக் குளிரும் வேண்டும். குளிரே வராத இடத்தில் செழிப்பாக இலை விட்டு, பூக்காமலே ஆண்டுகளைக் கடத்தும் செடிகளை மீட்பின் தோல்வியாகக் கருத வேண்டாம். என்னுடைய நான்கில் இரண்டு, நட்ட இரண்டாம் ஆண்டில் பூத்தன. ஒன்று மூன்றாம் ஆண்டில். தேக்கரண்டியால் சுரண்டப்பட்டது இன்னும் பூக்கவில்லை. ஆனால் அதைச் சுற்றி இப்போது ஐந்து விசிறிகள் நிற்கின்றன.

நேர்மையாகச் சொன்னால், தங்கள் பகுதியின் விடை முழுத் தவறும் அன்று. அது வேறு ஐரிஸ்களுக்குப் பாதியளவு பொருந்தும். சைபீரிய ஐரிஸ், ஜப்பானிய ஐரிஸ், லூசியானா ஐரிஸ் ஆகியவை ஈரப்புல்வெளியையும் நீர்க்கரையையும் சேர்ந்தவை. அவற்றின் பூவில் தாடி இருக்காது. அவற்றின் கிழங்கு மெல்லியது, சேமிப்பு குறைவு, காய்ந்தால் விரைவில் போய்விடும். அவை கைக்கு வந்தவுடன் ஓர் இரவு தண்ணீரில் வைத்து, 3 முதல் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் நட்டு, முதல் பருவம் முழுவதும் மண் உலராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது சரியான அறிவுரை. பெயர்ச்சீட்டு தொலைந்துபோன கிழங்கு எந்த வகை என்று தெரியாமல் திகைப்பவருக்கு, உருவமே ஓரளவு வழிகாட்டும். இஞ்சி போல் பருத்து, முதுகில் வளைய வளையமாகத் தழும்புகள் உள்ளவை தாடி ஐரிஸ். கைத்துடைப்பத்தின் அடிபோல் மெல்லிய தண்டுகளும் கம்பி போன்ற வேர்களும் பின்னிக் கிடந்தால் சைபீரிய வகையாக இருக்கலாம். மெலிந்து நீண்டு, பச்சை படர்ந்திருந்தால் லூசியானா வகையாக இருக்கலாம். உலர்ந்த ஓடு போர்த்திய குமிழாக இருந்தால் அது டச்சு ஐரிஸ் போன்ற குமிழ்த்தண்டு வகை. அதற்கு உலர்ந்திருப்பதே ஓய்வுநிலை, கெட்டியாக இருந்தால் கவலையின்றிப் பருவம் பார்த்து நடலாம்.

பையில் மறந்தவை தவிர, பாத்தியிலேயே பல ஆண்டுகள் கவனிப்பாரற்று, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, நடுவே மொட்டையாகிப்போன ஐரிஸ் புதர்களும் உண்டு. அவற்றுக்கு மருந்து பிரித்து நடுவதே; பூத்து முடிந்து ஆறு வாரம் கழித்து, மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை. இலையை மூன்றில் ஒரு பங்கு உயரம் விட்டுக் கத்தரித்து, ஓரத்து இளங்கிழங்குகளை எடுத்துக்கொண்டு நடுவிலுள்ள கிழட்டுத் துண்டுகளைக் கழித்துவிடலாம்.

ஓர் எச்சரிக்கையும் அந்த விடையில் இடம்பெற்றிருக்க வேண்டும். ஐரிஸ் கிழங்கு நச்சுத்தன்மை உடையது. தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாகும். சாறு பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும். சுருங்கிக் காய்ந்த நிலையில் அது சுக்கு போலவே தோன்றும் என்பதால், பெயர் எழுதாத பையில் போட்டு, குழந்தைகள் கைக்கோ வளர்ப்பு விலங்குகளின் வாய்க்கோ எட்டும் இடத்தில் வைக்கக் கூடாது. கையுறை அணிந்து வெட்டுவது நலம்.

தங்கள் தோட்டப் பகுதியை நம்பிப் பாத்தி கட்டுவோர் பலர் என்பதை அறிவேன். எனவே, அந்த விடை தாடி ஐரிஸுக்குப் பொருந்தாது என்பதையேனும் அடுத்த இதழில் ஒரு சிறு குறிப்பாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கேள்வி கேட்ட வாசகர் ஏற்கெனவே கிழங்குகளை வாளியில் போட்டிருந்தால், இன்றே வெளியே எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, காற்றோட்டமுள்ள இடத்தில் இரண்டு நாள் உலரவைத்து, ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்த்த பிறகு, முதுகு தெரிய நடும்படி அவருக்குத் தெரிவித்தால் மகிழ்வேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்